40 ஷில்லிங் சந்தா

சரித்திரம் என்றாலே நமக்கு ராஜாவும் யுத்தமும்தான். வருஷங்களை மனப்பாடம் செய்தோம். பரீட்சை முடிந்ததும் மறந்தோம். அன்று கோதுமை என்ன விலை, கூலியாளுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் நம்மைக் கேட்டதில்லை. "அதெல்லாம் ஒரு சரித்திரமா சார்?" என்பீர்கள். அமெரிக்காவின் ஆரம்ப காலத்தை ஆராய்ந்தவர்கள் அதைத்தான் தேடினார்கள்.

தேடுவதற்குக் காகிதம் இருக்க வேண்டுமே! 1731-ல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் என்ற 25 வயது அச்சுக்காரர், நண்பர்களோடு ஒரு சந்தா நூலகம் தொடங்கினார். திட்டமிட்டது 50 பேர். ஆளுக்கு முதலில் 40 ஷில்லிங், பிறகு வருஷம் 10 ஷில்லிங். ஒருவரால் வாங்க முடியாத புத்தகத்தைப் பலர் கூடி வாங்கலாம் என்ற எண்ணம், அவ்வளவுதான். அந்த "லைப்ரரி கம்பெனி"யில் காலப்போக்கில் பழைய பத்திரிகைகளும் துண்டுப் பிரசுரங்களும் குவிந்தன.

காகிதம் மட்டும் போதுமா? உட்கார்ந்து படிக்கிறவருக்குச் சோறு வேண்டாமா? 1930-களில் ராக்பெல்லர் அறக்கட்டளை பணம் கொடுத்தது; பழைய விலைவாசிகளைத் திரட்டும் வேலை நடந்தது. ஹார்வர்டின் ஆர்தர் கோல் 1938-ல் வெளியிட்ட நூலில் 1700 முதல் 1861 வரையிலான மொத்த விலைகள் இருக்கின்றன. 1999-ல் லைப்ரரி கம்பெனியே ஆரம்ப காலப் பொருளாதார ஆய்வுக்கென ஒரு திட்டம் தொடங்கி, ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை வழங்கியது.

இதனால் என்ன தெரிந்தது? ஆலிஸ் ஹான்சன் ஜோன்ஸ் என்ற அம்மையாரைப் பாருங்கள். அரசாங்க வேலை பார்த்து, அறுபதைத் தாண்டி 1968-ல் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1774-ஐ ஒட்டி இறந்துபோன 919 பேரின் சொத்துப் பட்டியல்களைக் கொண்டு, அன்றைய மக்களின் செல்வத்தைக் கணக்கிட்டார். அந்தக் காலப் பட்டியல்களில் கட்டில், கெட்டில், கறவை மாடு எல்லாவற்றுக்கும் விலை உண்டு. அதே பட்டியலில் அடிமைப்பட்ட மனிதர்களின் பெயரும் இருக்கும். அதற்கும் ஒரு விலை! சுதந்திரம் பேசிய தேசத்தின் சொத்துக் கணக்கு அது. எந்த மேடைப் பேச்சிலும் இவ்வளவு பச்சையாக வராது.

தம்பி தங்கைகளே, பழைய கணக்கு நோட்டை எடைக்குப் போடும் முன் ஒருமுறை புரட்டுங்கள். பழைய மாணவ நண்பர்களே, ஆய்வு செய்யும் ஒரு பிள்ளைக்கு ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவை நாம் ஏற்கலாம். நம்முடைய 40 ஷில்லிங் அதுவாக இருக்கட்டுமே!