எண் பழசு, உள்ளே புதுசு

பழைய மடிக்கணினியில் பேரன் உபுண்டு 22.04 போட்டுக் கொடுத்தான். சென்ற மாதம் அப்டேட் முடிந்ததும் கெர்னல் எண்ணைப் பார்த்தேன். அதே 5.15. உலகம் 6-ஐத் தாண்டிவிட்டதே என்று பயம் வந்தது. பென்ஷன், வங்கி எல்லாம் இதில்தான் பார்க்கிறேன். "தாத்தா, சிறு கோட்டுக்குப் பின்னால இருக்கிற எண்ணைப் பாருங்க" என்றான் பேரன். அதன்பின் படித்துத் தெரிந்துகொண்ட சரித்திரம் இது.

1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் கெர்னலின் எண் 0.01. 1994 மார்ச்சில் 1.0 வந்தது. பிறகு சில காலம் ஒரு வழக்கம் இருந்தது: நடு எண் இரட்டைப்படை என்றால் எல்லோருக்கும், ஒற்றைப்படை என்றால் சோதனைக்கு. 2.4 நமக்கு, 2.5 நிபுணர்களுக்கு. 2003 டிசம்பரில் வந்த 2.6-க்குப் பிறகு அந்த வழக்கம் போயிற்று. 2.6.39 வரை நீண்டதை 2011-இல் 3.0 என்று சுருக்கினார். பெரிய மாற்றம் எதுவும் இல்லை. 3.19-க்குப் பின் 4.0, 4.20-க்குப் பின் 5.0, 5.19-க்குப் பின் 6.0. கை விரலும் கால் விரலும் எண்ணித் தீர்ந்துவிட்டதாம், வேடிக்கையாக அவர் சொன்ன காரணம்!

அப்படியானால் முதல் எண் பெரிது என்பதாலேயே பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. உபுண்டுக்காரர்கள் 5.15-ஐ வைத்துக்கொண்டே, புதிய கெர்னல்களில் செய்த பாதுகாப்புத் திருத்தங்களை அதிலும் சேர்க்கிறார்கள். 5.15.0-91 என்பதில் 91 அவர்கள் போடும் எண். திருத்தம் வர வர அது ஏறும். நான் படித்த பிரெஞ்சுப் பாடப்புத்தகங்களில் 'திருத்திய பதிப்பு' என்று பிரெஞ்சில் அச்சிட்டிருப்பார்கள். புத்தகத்தின் பெயர் அதே, பிழைகள் மட்டும் போயிருக்கும். அதுபோலத்தான்.

இன்னொன்று. அப்டேட் ஆனாலும், கணினியை அணைத்துத் திரும்பப் போடும்வரை பழைய கெர்னல்தான் ஓடும். அரசாணை கைக்கு வந்தாலும் அமலாகும் தேதி வேறு என்பது நமக்குத் தெரியாததா?

இடத்தை அடைக்கிறதே என்று பழைய கெர்னலை அழிக்கப் போனேன். பேரன் தடுத்தான். புதியது கிளம்பாவிட்டால், தொடக்கப் பட்டியலில் பழையதைத் தேர்ந்தெடுத்துக் கணினியை எழுப்பலாமாம். புதுக் கோப்பு கையெழுத்தாகி வரும்வரை பழையதை பீரோவிலிருந்து எடுக்காத குமாஸ்தா நான். இங்கே மட்டும் அவசரப்பட்டுவிட்டேன்.