தங்குமிடத்துப் பேய்க்கதைகளும் அடைக்கல அறமும்: பழையனூர் முதல் முசோரி வரை

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் பழைய தடத்தில் ஆங்காங்கே கல் மண்டபங்கள் உண்டு. ஆண்டாளுக்குப் பூசை முடிந்த செய்தியை மணியோசை மண்டபம் மண்டபமாகக் கடத்தி மதுரைக்குச் சேர்க்க, அதன் பிறகே திருமலை நாயக்கர் (1623–1659) உணவு கொண்டார் என்பது வட்டார வழக்கு. அவருக்குப் பின் வந்த ராணி மங்கம்மாளின் (1689–1706) பெயரைச் சாலைகளும் சத்திரங்களும் இன்றும் தாங்கி நிற்கின்றன. ஆடிப்பூரத் தேருக்கு வந்தவர்களும், ராஜபாளையம் வழியே தென்காசிக்குச் சரக்குக் கொண்டுபோனவர்களும் இரவைக் கழிக்க இத்தகைய இடங்களையே நம்பினர். ரயிலும் பேருந்தும் வந்தபின் வழிநடை ஓய்ந்தது. ஆள் நடமாட்டம் குறைந்த மண்டபத்தில் பேய் இருப்பதாகப் பேச்சு எழுவது தமிழ்நாடெங்கும் வழக்கம்.

இக்கதைகளை வெறும் அச்சத்தின் விளைவாகக் கொள்வது போதாது. வழிப்போக்கரின் உயிருக்குப் பொறுப்பேற்றவர் யார், கைவிட்டவர் யார் என்னும் வழக்கையே அவை தலைமுறைகளாக நடத்திவருகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து.

பழையனூர்: பிணை நின்ற எழுபதுபேர்

இதற்குத் தலையாய சான்று திருவாலங்காட்டை அடுத்த பழையனூர் நீலி கதை. முற்பிறவியில் கணவன் கையால் கொலையுண்ட பெண் பேயாகிப் பழி தீர்க்கக் காத்திருக்கிறாள். அவன் வணிகனாகப் பிறந்து அவ்வூருக்கு வருகிறான். நீலி கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் தன் கணவன் என்று ஊரவையில் முறையிடுகிறாள். வணிகன் அலறி மறுக்கிறான். அவையோர் இருவரையும் ஓரிரவு ஒரே இடத்தில் தங்கச் சொல்கின்றனர். அவனுக்குக் காவலாக இருந்த வாளையும் நீலியின் சொற்கேட்டு வாங்கிவிடுகின்றனர். அவன் உயிருக்கு ஆபத்து வந்தால் எங்கள் உயிரைத் தருவோம் என்று எழுபது வேளாளர் வாக்களிக்கின்றனர். விடியலில் வணிகன் பிணமாகக் கிடக்க, எழுபதுபேரும் தீப்பாய்கின்றனர்.

வாள் பறிக்கப்பட்ட இடத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். நீலி வென்றது தன் மாயத்தால் மட்டுமன்று. விருந்தினனின் தற்காப்பை ஊரே நல்லெண்ணத்தோடு களைந்ததால் வென்றாள். தவறு நல்லெண்ணத்தில் நேர்ந்தது என்பதற்காகக் கதை எவரையும் விடுவிக்கவில்லை. ஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகம் இக்கதையைச் சுட்டுவதால், இது ஏழாம் நூற்றாண்டிலேயே வழங்கியது தெளிவு. நீலகேசி என்னும் சமணக் காப்பியமோ இதே பேயை மனந்திருந்தச் செய்து, பிற சமயத்தாரோடு வாதிடும் அறிவுடைய பெண்ணாக்கியது. முப்பந்தல் இசக்கியின் கதையிலும் நகைக்காகக் கொல்லப்பட்ட பெண்ணும் கள்ளிச்செடியும் வருகின்றன. அங்கே அவள் படையல் பெறும் தெய்வம்.

ஔவை தங்கிய சாவடி

ஔவையின் பெயரால் வழங்கும் தனிப்பாடல்களோடு சேர்த்துச் சொல்லப்படும் கதை இரண்டாவது சான்று. தான் விரும்பியவனுக்கு இளவரசி ஒருத்தி ஓலை அனுப்புகிறாள். படிக்கத் தெரியாத அவன் அதை வேறொருவனிடம் காட்ட, அவன் பொய் சொல்லி இவனை ஊரைவிட்டு ஓட்டிவிட்டுத் தானே குறித்த இடத்துக்கு வருகிறான். ஏமாந்த பெண் உயிரை மாய்த்துக்கொண்டு அவ்விடத்துப் பேயாகிறாள். பின்னர் அங்கே தங்கும் ஔவை, யாமந்தோறும் நெருங்கும் பேயைப் பாட்டால் எதிர்கொள்கிறாள். அவள் கடிந்துகொள்வது கல்லாதவனையும் அவனைப் பெற்றவளையும். பேயோட்டும் பாடலே இங்கே குற்றவாளியைச் சுட்டும் தீர்ப்பாகிறது.

முசோரி: பொறுப்பு மறைந்த கதை

இவ்விரண்டுக்கும் மாறான கதை ஒன்று வட இந்திய மலைநகரான முசோரியில் உண்டு. அங்கே 1902இல் திறக்கப்பட்ட சவாய் ஹோட்டலில் 1911இல் பிரான்சஸ் கார்னெட்-ஓர்ம் என்ற ஆங்கிலப் பெண்மணி நஞ்சால் இறந்துகிடந்தார். குற்றஞ்சாட்டப்பட்ட தோழி விடுதலையானார். கொன்றவர் யாரென்று தெரியவரவில்லை. அகதா கிறிஸ்டியின் முதல் நாவலுக்கு (1920) இவ்வழக்கே தூண்டுதல் என்று பலரும் கருதுகின்றனர். இன்று அங்கே உலவுவதாகச் சொல்லப்படும் ஆவி பயணிகளை ஈர்க்கும் செய்தியாகிவிட்டது. இறந்தவர் பெயர் நிலைக்கிறது. தங்கவந்தவரைக் காக்கத் தவறியது யார் என்ற கேள்வி கதையிலிருந்தே கழன்றுவிட்டது.

மறுப்பும் முடிவும்

பாழடைந்த இடம் இயல்பாகவே அச்சம் தரும், அதற்கு அறவிளக்கம் எதற்கு என்று கேட்கலாம். அச்சம் மட்டுமே காரணமானால் பேய் இருக்கிறது என்பதே போதும். ஊரவை, பிணை, பறித்த வாள், படிக்கப்படாத ஓலை ஆகிய நுணுக்கங்களை நூற்றாண்டுகளாகச் சுமக்க வேண்டிய தேவை இல்லை. இந்நுணுக்கங்கள் நிலைத்திருப்பதே கதையின் நோக்கம் பொறுப்பை வரையறுப்பது என்பதைக் காட்டுகிறது.

ஆகவே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார மண்டபங்களின் கதைகளைத் திரட்டுவோர், பேயை எவர் கண்டார் என்பதோடு நிறுத்தக் கூடாது. இறந்தவர் யார், எவரை நம்பி அங்கே வந்தார், கதவைத் திறக்க மறுத்தவர் யார், பழியை ஊர் ஏற்றதா என்பவற்றையும் கேட்டுப் பதிய வேண்டும். இம்மரபில் பேயாகும் பெண்கள் பெரும்பாலும் வஞ்சிக்கப்பட்டவர்கள்; உயிரோடிருந்தபோது அவர்களுடைய முறையீட்டைக் கேட்க அவை கூடவில்லை. அந்த முறையீட்டை முழுமையாகப் பதிவுசெய்வது நாட்டார் வழக்காற்றியலின் கடமை.