அடையாறு கேட்ட கேள்வி: உணவும் புற்றுநோயும்

அடையாறு என்றதும் ஒருவருக்கு ஆலமரம் நினைவுக்கு வரும். இன்னொருவருக்கு இனிப்புக் கடை நினைவுக்கு வரும். ஆனால் தமிழ்நாட்டின் ஏதோ ஒரு கிராமத்தில், "அவரை அடையாறுக்குக் கூட்டிப் போயிருக்காங்க" என்று யாராவது தாழ்ந்த குரலில் சொன்னால், கேட்பவருக்கு வேறு விளக்கமே தேவைப்படாது. ஒரு பகுதியின் பெயரே ஒரு நோயைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது! மனிதர் தினமும் வாயில் போட்டுக்கொள்ளும் பொருட்களுக்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கும் அதே அடையாறில் ஒரு நீண்ட வரலாறு உண்டு.

தங்கையின் மரணம்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். 1920-களில் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். வீட்டிலேயே ஒரு மருத்துவர் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற அவரது எண்ணம் நிறைவேற ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியில் 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று வெறும் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை முன்னின்று நடத்தினார். 1955-ல் டாக்டர் சாந்தா அவரோடு இணைந்தார். 2021-ல் மறையும் வரை சாந்தாவின் வாழ்க்கை அந்த மருத்துவமனையாகவே இருந்தது.

தாம்பூலத் தட்டில் இருந்த ஆபத்து

சிகிச்சை கொடுப்பதோடு இந்த இருவரும் நின்றுவிடவில்லை. இந்த நோய் ஏன் வந்தது என்றும் தேடினார்கள். வாய்ப் புற்றுநோயின் காரணங்களைப் பற்றிய அவர்களது ஆய்வு 1959-ல் பிரிட்டனின் புற்றுநோய் ஆய்விதழில் வெளியானது. நோயாளிகளின் அன்றாடப் பழக்கங்களை விசாரித்தபோது, வெற்றிலை பாக்கோடு புகையிலையைச் சேர்த்து மெல்லுவது முக்கியக் காரணமாகத் தெரிந்தது.

இதற்கு முன்பே ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஆர், வெற்றிலை போடுபவர்களிடம் காணப்படும் வாய்ப் புற்றுநோய் பற்றி 1933-ல் எழுதியிருந்தார்.

இந்த உண்மையை மக்கள் ஏற்பது எளிதாக இருக்கவில்லை. காரணம், தாம்பூலத்தை யாரும் கெட்ட பழக்கமாக நினைத்ததில்லை. அது விருந்தின் நிறைவு, திருமணத்தின் நிச்சயம், பாட்டியின் செரிமான மருந்து. "புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு போட்டால் ஒன்றும் ஆகாது" என்ற நம்பிக்கை இன்றும் உண்டு. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2004-ல் வெளியிட்ட தொகுப்பில் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறிவித்துவிட்டது.

நகரத்தின் கணக்குப் புத்தகம்

ஒரு மருத்துவமனையின் நோயாளிகளை மட்டும் பார்த்தால் ஊர் முழுவதின் நிலை தெரியாது. 1981-ல் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் தொடங்கியது. சென்னைக்கான பதிவேட்டை அடையாறு மருத்துவமனை நடத்தத் தொடங்கியது. நகரில் யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் புற்றுநோய் வருகிறது என்று அது ஆண்டுதோறும் பதிவு செய்கிறது.

அந்தத் தொடக்க ஆண்டுகளில் சென்னை ஆண்களிடம் முதலிடம் பிடித்தது இரைப்பைப் புற்றுநோய்! ஜப்பான், கொரியா போன்ற நாடுகளில் இந்த நோய்க்கும் உப்பிட்டுப் பதப்படுத்திய உணவுக்கும் தொடர்பு இருப்பது தெரிந்திருந்தது. சென்னையில் கஜலட்சுமியும் சாந்தாவும் செய்து 1996-ல் வெளியிட்ட ஆய்வு, புகைப்பழக்கத்துக்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும் இந்த நோய்க்குக் காரணம் என்று 1994-ல் அறிவிக்கப்பட்டது. ஆக, வயிற்றில் வரும் நோய்க்குச் சாப்பாடு மட்டுமே பொறுப்பல்ல.

பெண்களிடமும் மாற்றம் வந்தது. முன்பு முதலிடத்தில் இருந்த கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பின்னர் மார்பகப் புற்றுநோய் முந்திவிட்டது. மாதவிடாய் நின்ற பிறகு உடல் எடை கூடுவது மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பை அதிகரிக்கும். நகர வாழ்க்கை, தாமதமான பிரசவம், குறைவான குழந்தைகள் போன்றவையும் இதில் சேர்கின்றன.

சதவீதத்தைப் படிப்பது எப்படி?

2015-ல் ஒரு செய்தி உலகையே பயமுறுத்தியது. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18% கூடுமாம். கேட்டவர்கள், நூறில் 18 பேருக்கு நோய் வரும் என்று புரிந்துகொண்டார்கள். அது தவறு. உதாரணத்துக்கு, ஆயிரம் பேரில் 50 பேருக்கு அந்த நோய் வருகிறது என்று வைத்துக்கொண்டால், 18% கூடும்போது அது 59 ஆகும். ஒரு நாள் சாப்பிட்டால் வந்துவிடாது. கூட்டு வட்டி போல, பல வருடப் பழக்கம்தான் தொகையைக் கூட்டுகிறது.

நல்ல பழக்கத்துக்கும் இதே கணக்குதான். கீரை, பழம், பருப்பு, கம்பு, கேழ்வரகு போன்ற நார்ச்சத்துள்ள உணவு பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்கிறது. மதுவை எந்த அளவில் குறைத்தாலும் அந்த அளவுக்கு நன்மை. ஆனால் குறுக்கு வழி கிடையாது. காய்கறிகளில் உள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பாளர்களிடம் சோதித்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியிருந்தது! கேரட் வேறு, கேரட் மாத்திரை வேறு.

குற்றவாளி யார்?

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு நோயாளியிடம் போய், "நீ என்ன சாப்பிட்டாய், உனக்கு ஏன் இது வந்தது?" என்று கேட்பது கொடுமை. புள்ளிவிவரம் ஆயிரம் பேரைப் பற்றித்தான் பேசும். ஒரு தனி மனிதருக்கு ஏன் வந்தது என்று அதனால் சொல்ல முடியாது. வாழ்நாளில் வெற்றிலையைத் தொடாதவருக்கும் வாய்ப் புற்றுநோய் வருவதுண்டு. அதேபோல், நோய் வந்த பிறகு முள்சீத்தாப்பழமோ கோதுமைப்புல் சாறோ குணப்படுத்தும் என்று நம்பி சிகிச்சையைத் தள்ளிப்போடுவது, சில நேரம் உயிரையே விலையாகக் கேட்கும்.

தங்கையை இழந்த முத்துலட்சுமி, அந்த இழப்புக்கு யாரையும் குற்றவாளியாக்க முயலவில்லை. அடுத்தவர் வீட்டுத் தங்கைக்கு ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார். அங்கே வந்த நோயாளிகள் சொன்ன பதில்களிலிருந்துதான், இன்று ஆரோக்கியமாக இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பல உண்மைகள் கிடைத்தன. பாக்குப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன் ஒரு நிமிடம் யோசிப்பதும், வாயில் ஆறாத புண் இருந்தால் இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுவதும்தான் அவர்களுக்குச் செய்யும் நன்றி!