அவுரி நீலமும் உழைப்பாளர் ஆடையும்

ஆடையில்லாதவன் அரை மனிதன் என்பது நம் நாட்டு முதுமொழி. மனிதனை முழுமையாக்கும் அவ்வாடையின் வரலாற்றையோ நாம் பெரும்பாலும் ஆராய்வதில்லை. அரசர் முடிசூடிய ஆண்டும் கோட்டை வீழ்ந்த ஆண்டும் மாணவர் நாவில் நிற்கின்றன; தம் உடலிலே நாடோறும் கிடக்கும் துணி எங்குத் தோன்றியது, எவர் கைபட்டு வந்தது என்று வினவின் விடை கூறுவார் அரியர். இக்குறையை ஓரளவேனும் நீக்கக் கருதி, இன்றைய இளைஞர் பெரிதும் விரும்பும் டெனிம் துணியை எடுத்துக்கொண்டு அதன் வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

மல்லாவி, துணுக்காய், மாங்குளம் முதலிய ஊர்களில் ஜீன்ஸ் எனப்படும் நீலக் காற்சட்டை தொங்காத துணிக்கடையைக் காண்டல் அரிது. முதியோர் சிலர் இதனை மேல்நாட்டு நாகரிகத்தின் சின்னமென்று வெறுக்கின்றனர். இளைஞர் பலர் மேல்நாட்டுச் சின்னம் என்பதற்காகவே விரும்புகின்றனர். வெறுப்பாரும் விரும்புவாரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர் என்பது எமது துணிபு. பருத்தி நூலும் அவுரி நீலமும் கூடிய உரமான துணி என்பதே டெனிமின் சாரம். அவ்விரண்டையும் மேனாட்டார் கீழ்நாட்டாரிடமிருந்தே பெரிதும் பெற்றனர். ஆதலின், இத்துணியைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி அது நமதா பிறரதா என்பதன்று. அதனை ஆக்குவதற்கு எவர் உழைத்தார், அவ்வுழைப்புக்கு என்ன பெற்றார் என்பதேயாம்.

அவுரிச் செடியை நம் நாட்டு வைத்தியர் நன்கறிவர். நஞ்சு முறிக்கும் மூலிகையாகவும் கூந்தற்றைலத்திற் சேரும் சரக்காகவும் அது பயன்படும். சிங்கள மக்கள் அதனை ‘நில் அவரிய’ என்பர். இரு மொழியிலும் பெயர் ஒத்திருத்தல் நோக்கற்பாலது. பச்சிலையில் நீலம் புலப்படாது. இலையை நீர்த்தொட்டியில் ஊறவைத்துப் புளிக்கச் செய்து, அந்நீரைக் காற்றுப்படுமாறு நெடுநேரம் அடித்துக் கலக்கினால் நீலம் வண்டலாய் அடியிற் படியும். அதனைக் காய்ச்சி உலர்த்திக் கட்டிகளாக அறுப்பர். இக்கட்டி நீரிற் கரையாது. சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்த்துச் சாடியில் மீண்டும் புளிக்கச் செய்து கரைப்பது தென்னாட்டுச் சாயக்காரர் கண்ட முறை. அச்சாடியில் தோய்த்தெடுத்த நூல் முதலிற் பசுமஞ்சளாய்த் தோன்றிக் காற்றுப்பட்டவுடன் நீலமாய் மாறும்.

இப்பொருளைக் கிரேக்கர் ‘இந்திகோன்’ என்றனர். இந்திய நாட்டுப் பொருள் என்பதே அதன் கருத்து. ஆங்கிலத்தில் வழங்கும் ‘இண்டிகோ’ அதன் திரிபு. வடமொழியின் ‘நீலம்’ அரபு மொழியின் வழியாகப் போர்த்துக்கேய மொழியில் ‘அனில்’ ஆயிற்று. விஞ்ஞான மாணவர் பயிலும் ‘அனிலின்’ என்னும் பெயரும் அதன் வழித்தோன்றலே.

தமிழ்நாட்டிலும் நீலத் துணி பழமை வாய்ந்தது. நீல நிறக் கச்சை அணிந்த மறவன் ஒருவனைப் புறநானூறு காட்டுகின்றது. 1945ஆம் ஆண்டில் மோட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டை அகழ்ந்தபோது வெளிப்பட்ட செங்கற்றொட்டிகள், துணிக்குச் சாயமேற்றும் தொழிலுக்கு அமைந்தவை என்று கருதப்பட்டன. கண்ணனின் தமையனாகிய பலராமனை நம் புராணங்கள் நீலாம்பரன் என்று போற்றுகின்றன. அவன் ஏந்திய படைக்கலம் உழவரின் கலப்பை என்பதும் ஈண்டு நினையத் தக்கது. ஆயினும் மனு தரும நூல், அந்தணர் விற்கலாகாப் பொருள்களுள் நீலத்தையும் ஒன்றாக எண்ணிற்று. தெய்வத்துக்கு ஏற்ற நிறத்தை மனிதரிடையே தாழ்வென ஒதுக்கிய முரண்பாடு இது.

கடல் வணிகம் பெருகிய காலத்தில் சோழமண்டலக் கரையின் நீலத் துணி உலகெங்கும் சென்றது. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர் ஏற்றிய நீலத் துணிக்குக் ‘கினித் துணி’ என்று பெயர். மேற்காபிரிக்காவின் செனகல் ஆற்றங்கரையில் அது நாணயம் போலவே வழங்கிற்று. அத்துணியைக் கொடுத்துக் கருவேலம் பிசின் வாங்கினர். பதினெட்டாம் நூற்றாண்டில் அக்கரையில் மனிதரை விலைக்கு வாங்கக் கொடுத்த பொருள்களுள்ளும் இந்தியத் துணிகள் முக்கிய இடம் பெற்றன. தமிழ் நெசவாளன் தறியில் இருந்து நெய்த துணி, தான் ஒருபோதும் காணாத ஒருவனின் விடுதலைக்கு விலையாயிற்று. இதனை மறைத்து நம் பண்டை வணிகத்தின் பெருமையை மட்டும் பேசுதல் வரலாறாகாது.

பம்பாயிலுள்ள தோங்கிரி என்னுமிடத்தில் விற்கப்பட்ட முரட்டுத் துணியின் பெயர் ஆங்கிலத்தில் ‘டங்கரி’ என்றாகி, தொழிலாளர் அணியும் நீல உடையைக் குறித்தது. ஐரோப்பாவில் ‘டெனிம்’ என்ற பெயர் பிரான்சின் நீம் நகரத்தாலும், ‘ஜீன்ஸ்’ என்ற பெயர் இத்தாலியின் ஜெனோவா நகரத்தாலும் வந்தன என்பர். இன்று நாம் காணும் காற்சட்டை அமெரிக்காவிற் பிறந்தது. நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் தையற்காரராயிருந்த ஜேக்கப் டேவிஸ், கூலியாட்களின் காற்சட்டைப் பைகள் விரைவிற் கிழிவதைத் தடுக்க, மூலைகளிற் செப்புத் தறையாணி அடித்தார். காப்புரிமை பெறும் செலவைத் தாங்க இயலாமையால், தமக்குத் துணி விற்ற லெவி ஸ்திராசைத் துணைக்கழைத்தார். 1873ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் இருவருக்கும் அவ்வுரிமை கிடைத்தது. சுரங்கத்திலும் காட்டிலும் உழைத்தோர்க்கென அமைந்த இவ்வுடை, பின்னர்த் திரைப்பட நடிகராலும் மாணவராலும் உலக உடையாயிற்று.

சாயத்தை விளைவித்தவர் வாழ்வு எவ்வாறிருந்தது? வங்காளத்தில் ஆங்கிலத் தோட்டக்காரர் உழவருக்கு முற்பணம் கொடுத்துக் கடனிற் பிணித்து, நெல் விளைய வேண்டிய நிலத்தில் அவுரியை விதைப்பித்தனர். 1859ஆம் ஆண்டில் உழவர் விதைக்க மறுத்துக் கிளர்ந்தனர். அவர்தம் துயரைத் தீனபந்து மித்திரர் 1860இல் ‘நீல் தர்ப்பண்’ என்னும் நாடகமாக்கினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட ஜேம்ஸ் லோங் பாதிரியார் 1861இல் சிறை சென்றார். பீகாரின் சம்பாரணில் இருபது பங்கு நிலத்தில் மூன்று பங்கில் அவுரி பயிரிடவேண்டும் என்ற கட்டாயம் நெடுங்காலம் நிலவியது. 1917இல் காந்தியடிகள் அங்குச் சென்று நடத்திய போராட்டத்தின் பயனாக, அடுத்த ஆண்டிற் சட்டத்தால் அது ஒழிந்தது.

இவ்வகைக் கொடுமை நம் மண்ணுக்கும் புதிதன்று. மன்னாரிலும் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மணற்பாங்கான நிலங்களில் விளைந்த சாயவேர், துணிக்குச் செந்நிறம் ஊட்டுவது. நீலத்துக்கு அவுரி எவ்வாறோ அவ்வாறே சிவப்புக்குச் சாயவேர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அவ்வேரின் வணிகத்தைத் தம் கையில் வைத்திருந்தனர். வெயிலில் நிலத்தைக் குத்தி மெல்லிய வேரைச் சேர்த்துக் கொடுத்தல் சில குடிகள்மேற் பரம்பரை ஊழியமாகச் சுமத்தப்பட்டது. சாயம் ஏறிய துணியின் அழகைக் கண்டு வியந்தோர் பலர். வேர் குத்தியோரின் பெயரை எவரும் எழுதிவைத்திலர்.

அவுரி வேளாண்மையை இறுதியில் வீழ்த்தியது விஞ்ஞானம். அடோல்ப் வொன் பேயர் என்ற செருமானிய அறிஞர் நீலத்தின் அமைப்பைக் கண்டறிந்தார். 1897ஆம் ஆண்டில் செருமனியின் பாடிஷ தொழிலகம் செயற்கை நீலத்தை விற்கத் தொடங்கிற்று. தென்னார்க்காட்டிலும் கடப்பையிலும் பெருக விளைந்த அவுரி சில ஆண்டுகளிற் சுருங்கிற்று. திண்டிவனத்தைச் சூழ்ந்த பகுதிகளில் சிலர் இன்றும் அதனைப் பயிரிட்டு நீலக்கட்டி ஆக்குகின்றனர். இன்றைய டெனிமில் தோய்வது பெரும்பாலும் செயற்கை நீலமே. எனினும் அதன் இயல்பு செடியின் நீலத்தின் இயல்பேயாகும்.

அவ்வியல்பை அறிந்தால் இத்துணியைத் தேர்வதும் பேணுவதும் எளிதாகும். டெனிமின் பாவு நூல் நீலம். ஊடை நூல் வெள்ளை. நீலம் பாவு நூலின் புறத்தே படிவதன்றி உள்ளே ஊடுருவுவதில்லை. ஆகவே உராயும் இடத்தில் நீலம் உதிர்ந்து உள்ளிருக்கும் வெண்மை தோன்றும். முழங்காலிலும் பை விளிம்பிலும் தோன்றும் அவ்வெளிறல் அணிந்தவன் இருந்த, நடந்த, உழைத்த விதத்தின் பதிவாகும். இப்பதிவை உழைக்காமலே பெற விரும்புவோர்க்காகத் தொழிற்சாலைகளிற் புதுத்துணியைத் தேய்த்து வெளிறச் செய்கின்றனர். துருக்கியில் மணலை விசையுடன் பாய்ச்சி இவ்வாறு தேய்த்த இளந்தொழிலாளர் பலர், மணற்றூள் நுரையீரலிற் படிந்து மாண்டனர். 2009ஆம் ஆண்டில் அந்நாட்டரசு அம்முறையைத் தடை செய்தது. பிறன் மூச்சைத் தேய்த்துப் பெற்ற பழமையை விலை கொடுத்து வாங்குவது நமக்கு அழகாகுமா?

ஆதலின், வாங்குவோர் வெளிறாத, கிழிக்காத, சீரான கருநீலத் துணியையே தேர்க. சதுர யாருக்குப் பதினான்கு அவுன்சு நிறையுள்ள தடித்த துணி குளிர் நாட்டுக்கு ஏற்றது. நம் வெப்பத்துக்கு எட்டு முதல் பத்து அவுன்சு போதும். காற்சட்டையை உட்புறம் திருப்பி, தையல் இரட்டையாக ஓடியுள்ளதா என்று நோக்குக. இழுபடும் செயற்கை நூல் மிகுதியாகக் கலந்த துணி முதலில் உடலுக்கு இதமாயிருப்பினும், நாளடைவில் தொய்ந்து உருக்குலையும். துணியாக வாங்கித் தைப்பிப்போர், வெட்டுமுன் ஒரு முறை நனைத்துலர்த்துதல் நன்று. சுருங்குவது முன்னரே சுருங்கிவிடும்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது பழமொழி. டெனிமை மாதக்கணக்கில் துவைத்தல் ஆகாது என்று மேல்நாட்டார் சிலர் கூறுவது வியர்வை சிந்தும் வன்னிக்குப் பொருந்தாது. எனினும் ஒரு நாள் உடுத்தவுடன் கல்லில் அடித்துத் துவைத்தலும் வேண்டா. காற்றாட உலர்த்திச் சில நாள் உடுத்தபின், உட்புறம் வெளியே வரத் திருப்பி, குளிர்ந்த நீரில் நனைத்து, மெல்லக் கசக்குக. புதுத்துணியை வெள்ளுடையுடன் சேர்த்து ஊறவைத்தல் ஆகாது. வெளிற்றும் தூள் நீலத்தை அழித்துவிடும். நம் பகுதிக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர். அதிற் சவர்க்காரம் நுரையாது, சாம்பல் நிறக் கசடாய்த் துணியிற் படியும். இயலுமாயின் மாரிக்காலத்து மழைநீரைப் பிடித்துத் துவைக்க. இயலாதாயின் சவர்க்காரத்தைக் குறைத்துப் பலமுறை அலசுக. நிழலிலே உலர்த்துக. 1990களிற் பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் அரிதானபோது நம்மவர் பனம்பழத்தைப் பிழிந்து துணி வெளுத்ததை இன்றைய மாணவர் அறிந்திருத்தல் நலம்.

கிழிந்தால் எறியாது ஒட்டுப்போட்டு உடுத்துக. உடுக்க இயலாத நிலையிலும் இத்துணி பயன்படும் என்பதற்கு யானே சான்று. 2008ஆம் ஆண்டில் மல்லாவியை விட்டு நாங்கள் இடம்பெயர்ந்தபோது, என் அன்னையார் பழைய ஜீன்ஸ் காற்சட்டையின் காலை வெட்டி ஒரு பை தைத்தார். என் வெளிவாரிப் பட்டச் சான்றிதழும் குடும்பத்தாரின் பிறப்புப் பதிவுகளும் காணி உறுதியும் அதனுள் இருந்தன. மழையும் பதுங்குகுழி மண்ணும் பட்டுப் பை வெளிறியது. உள்ளிருந்த தாள்கள் அழிந்தில. இன்று யான் வகுப்பறையில் நிற்பதற்கு அப்பையும் ஒரு காரணம்.

போர் முடிந்தபின் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் அமைந்தன. வன்னிக் கிராமத்துப் பெண்கள் பலர் விடியுமுன்னரே பேருந்தேறி அங்குச் செல்கின்றனர். அவர்களுட் சிலர் நம்மிடம் பயின்றவர். சிலர் நம் மாணவரின் தாய்மாரும் தமக்கைமாரும் ஆவர். அவர்கள் தைக்கும் ஆடை கடல் கடந்து, அவர்கள் முகம் அறியாதவரின் உடலை அடைகின்றது. புதுச்சேரி நெசவாளனுக்கும் சம்பாரண் உழவனுக்கும் வன்னியின் வேர் குத்தியோருக்கும் இவர்களுக்கும் இடையே நூற்றாண்டுகள் கிடக்கின்றன. உழைத்தவரை உடுப்பவர் அறியாமை மட்டும் மாறவில்லை. ஓர் உடையை வாங்கும்போது விலைச்சீட்டை நோக்கும் கண், அதன் தையலையும் ஒருகணம் நோக்குமாயின், இக்கட்டுரை தன் பயனை எய்தியதாகும்.