ஸ்பொறன்: ஓர் இடுப்புப் பையின் சமூக வரலாறு

ஆடையின் வரலாறு அதனை அணிந்தோரின் வாழ்க்கையிலிருந்து பிரித்து நோக்கத்தக்கதன்று. ஸ்கொத்லாந்து மலைநாட்டாரின் கில்ட் எனும் மடிப்புடையில் பை தைக்கப்படுவதில்லை. எனவே காசு முதலியவற்றை வைத்துக்கொள்வதற்குத் தோற்பையொன்றை அவர்கள் முன்புறம் கட்டினர். அதுவே ஸ்பொறன், கெயிலிக் மொழியில் அச்சொல்லுக்குப் பணப்பை என்பதே பொருள்.

அணியும் முறையும் பயன்பாட்டின்வழியே அமைந்தது. வார் இடுப்பெலும்பின்மீது தங்க, பை இடைவாரின் கொளுவிக்குக் கீழே ஏறத்தாழ நான்கு விரலளவு இறங்கித் தொங்குதல் வேண்டும். மேலேறினால் வயிற்றை அழுத்தும். மிகத் தாழ்ந்தால் நடக்கையில் தொடையில் மோதும். ஆடுவோரும் முரசறைவோரும் அதனைப் பக்கவாட்டிற்குத் தள்ளிக்கொள்வர்.

1746இல் கலோடன் போரில் ஜேக்கபைற் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. அவ்வாண்டே பிரித்தானியப் பாராளுமன்றம் மலைநாட்டு உடையைத் தடைசெய்தது. முதற் குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை; மறுமுறை ஏழாண்டு நாடுகடத்தல். அரச படையினருக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. 1782இல் தடை நீங்கியது. 1822இல், வோல்ற்றர் ஸ்கொட் ஒழுங்குசெய்த எடின்பரோ விழாவில் நான்காம் ஜோர்ஜ் மன்னரே கில்ட் அணிந்து தோன்றினார். பின்னர் படையினரின் ஸ்பொறன் நீண்ட குதிரைமயிர் தொங்கும் அலங்காரமாயிற்று.

ஆயின் அவ்விழாவுக்குச் சில ஆண்டுகள் முன்னர், 1814இலும் 1819இலும், சதர்லாந்தின் ஸ்ற்றாத்னேவர் பள்ளத்தாக்கிலிருந்து குடியானவர்கள் செம்மறிப் பண்ணைகளுக்காக வெளியேற்றப்பட்டிருந்தனர். ஆளும் வர்க்கம் அவர்தம் உடையை ஏற்றது. அவர்தம் நிலவுரிமையை ஏற்கவில்லை. மரபெனப் போற்றப்படும் எப்பொருளிலும், போற்றுவோர் யார், இழந்தோர் யார் என வினவுதல் வரலாற்று மாணவரின் கடனாகும்.