காற்றாடி வந்த கதை



காரின் முன் மூடியைத் திறந்தால் ரேடியேட்டருக்கு அருகில் ஒரு காற்றாடியைக் காண்கிறோம். காரோடு சேர்ந்தே அதுவும் பிறந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அப்படியன்று. அதற்கென்று தனி வரலாறு உண்டு. வீட்டிலிருக்கும் பழைய மோரிஸ் மைனருக்கு, உடைத்துப் போட்ட வேறொரு காரின் மின்காற்றாடியைப் பொருத்த வேண்டும் என்று பிள்ளைகள் புறப்படும்போது, இந்த வரலாறு நமக்குக் கைகொடுக்கும்.

பெட்ரோல் எரியும்போது உண்டாகும் வெப்பம் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுவதில்லை. பழைய எஞ்சின்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே வேலையாக மாறியது. மிச்ச வெப்பம் புகையோடும், எஞ்சினைச் சுற்றியுள்ள நீரோடும் வெளியேற வேண்டும். வெளியேறாவிட்டால் எஞ்சினின் உறுப்புகள் வீங்கி, இறுகி, நின்றுவிடும்.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-ஆம் ஆண்டில் தம் மூன்று சக்கர வண்டிக்கு உரிமம் பெற்றார். அந்த வண்டியில் காற்றாடி இல்லை. எஞ்சினைச் சுற்றியிருந்த நீர் கொதித்து ஆவியாகப் போயிற்று. போன நீரை மீண்டும் ஊற்ற வேண்டியிருந்தது. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், தம் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் நகருக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அந்த வண்டியில் சென்றார். வழியெல்லாம் நீர் ஊற்றிக்கொண்டே போனார். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணத்தை மேற்கொண்டவர் ஒரு தாய் என்பதை நம் பெண்மக்கள் நினைவில் வைக்க வேண்டும்.

நீரை வீணாக்காமல் ஆற வைக்க வழியில்லையா? வில்ஹெல்ம் மைபாக் என்ற பொறியியலாளர் வழி கண்டார். 1900-ஆம் ஆண்டின் இறுதியில் உருவான மெர்சிடிஸ் காருக்கு அவர் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். அதில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. அவற்றின் வழியே காற்று பாய்ந்தபோது சுற்றியிருந்த நீர் ஆறியது. 35 குதிரைத்திறன் கொண்ட அந்த எஞ்சினுக்கு 9 லிட்டர் நீரே போதுமாயிற்று. வண்டி மெதுவாகப் போகும்போதும் காற்றை இழுப்பதற்காக ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு காற்றாடியும் வைத்தார்.

அமெரிக்காவில் 1908-ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபோர்டு ‘டி’ கார் காற்றாடியைச் சாதாரண மக்களிடம் கொண்டு சேர்த்தது. 1927 வரை அந்தக் கார் ஒன்றரைக் கோடிக்கு மேல் உற்பத்தியாயிற்று. எஞ்சின் சுழலும்போது பெல்ட்டும் சுழலும். பெல்ட் காற்றாடியைச் சுழற்றும். பிற்காலத்தில் அந்த பெல்ட் ரப்பராலும் துணியாலும் செய்யப்பட்டது. ரேடியேட்டருக்கு நீர் கொண்டுபோகும் குழாயும் ரப்பர்தான். நம் முன்னோர் விடியுமுன் எழுந்து வெட்டிய பால், கப்பலேறிப் போய் இப்படித்தான் உலகத்தின் கார்களில் உழைத்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு முரண்பாடு இருந்ததைக் கவனியுங்கள். நெடுஞ்சாலையில் கார் விரைந்து ஓடும்போது காற்று தானாகவே ரேடியேட்டரில் வந்து மோதுகிறது. அப்போது காற்றாடிக்கு வேலையே இல்லை. ஆனால் அது வேகமாகச் சுழன்று எஞ்சினின் வலிமையைத் தின்கிறது. நெரிசலில் கார் நிற்கும்போதோ காற்று வருவதில்லை. காற்றாடி மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில் எஞ்சின் மெதுவாக ஓடுவதால் காற்றாடியும் சோம்பிச் சுழல்கிறது. 1948-இல் பிறந்து, நம் நாட்டுச் சாலைகளிலும் ஓடிய மோரிஸ் மைனருக்கும் இதே நிலைதான்.

இந்த முரண்பாட்டைத் தீர்க்க, எஞ்சினின் பிடியிலிருந்து காற்றாடியை விடுவிக்க வேண்டியிருந்தது. 1969-ஆம் ஆண்டில் இத்தாலியின் ஃபியட் நிறுவனம் ‘128’ என்ற காரை வெளியிட்டது. தாந்தே ஜியாக்கோசா வடிவமைத்த அந்தக் காரில் எஞ்சின் குறுக்காக வைக்கப்பட்டிருந்தது. ஆகவே எஞ்சினின் பெல்ட் இருந்த முனை முன்னோக்கி இல்லாமல் பக்கவாட்டில் இருந்தது. முன்னால் உள்ள ரேடியேட்டருக்கு மின்மோட்டாரில் சுழலும் காற்றாடியைப் பொருத்தினார்கள். நீர் சூடானால் அது சுழலும், ஆறினால் நிற்கும். 1985-இல் வந்த நம் புரோட்டோன் சாகாவும், 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் இந்த வழியில் வந்தவையே. விபத்தில் நொறுங்கிய இப்படிப்பட்ட கார்களின் காற்றாடிகள்தாம் இன்று பழைய சாமான் கடைகளில் கிடைக்கின்றன.

அப்படியானால் அதை வாங்கி மைனரில் மாட்டிவிடலாமா? மாட்டலாம்; ஆனால் இரண்டு காலங்களை இணைக்கிறோம் என்ற நினைவு வேண்டும்.

முதலில் மின்சாரத்தைப் பார்ப்போம். மைனரில் இருப்பது டைனமோ. பிந்தைய மைனர்களில் அது முழு வேகத்தில் ஏறத்தாழ 22 ஆம்பியர் தரும். நெரிசலில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது கிட்டத்தட்ட ஒன்றும் தராது. சிறிய காற்றாடியே 7 முதல் 10 ஆம்பியர் வரை கேட்கும். இரவில் முன்விளக்குகளும் எரிந்தால் பேட்டரிதான் பாரம் சுமக்க வேண்டும். பழைய முரண்பாடு வேறொரு வாசல் வழியாகத் திரும்பி வருவதைப் பாருங்கள்! மெதுவாக ஓடும்போதும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், அமெரிக்காவில் 1960-ஆம் ஆண்டின் வேலியன்ட் காரிலிருந்து கார்களில் பரவத் தொடங்கியது. மின்காற்றாடி எங்கும் நிலைத்ததற்கு அதுவும் துணை நின்றது. ஆகவே டைனமோ உள்ள காருக்குச் சிறிய காற்றாடியும் நல்ல பேட்டரியும் தேவை.

அடுத்தது, மைனரில் பேட்டரியின் நேர்முனை காரின் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய கார்களில் எதிர்முனைதான் அப்படி இணையும். பழக்கப்படி கம்பியைக் கொடுத்தால் மோட்டார் தலைகீழாகச் சுழன்று காற்றை முன்பக்கம் தள்ளிவிடும். சோதிக்க எளிய வழி உண்டு. ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடியுங்கள். காகிதம் ரேடியேட்டரில் ஒட்டினால் காற்று சரியாகப் போகிறது. விலகிப் பறந்தால் கம்பிகளை மாற்ற வேண்டும்.

காற்றாடியை இரும்புத் தாங்கிகளால் சட்டத்தில் பொருத்துவதே நல்லது. ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே பிளாஸ்டிக் கட்டுகளைச் செருகினால், அதிர்வில் தேய்ந்து நீர் ஒழுகும். பழைய காற்றாடியின் இதழ்களை மட்டும் கழற்றுங்கள், பெல்ட்டைக் கழற்றாதீர்கள். நீர் பம்பும் டைனமோவும் அந்த பெல்ட்டில்தான் ஓடுகின்றன. பேட்டரிக்கு அருகிலேயே பியூஸ் வையுங்கள். காற்றாடிக்குத் தனி ரிலே வேண்டும். பழைய சுவிட்சின் வழியாக அத்தனை மின்சாரத்தையும் ஓட்டினால் கம்பி தீப்பற்றக்கூடும். கம்பி வேலையில் பழக்கமில்லாதவர்கள் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். மின்காற்றாடி உள்ள கார்கள் சிலவற்றில், சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் சூடாக இருந்தால் காற்றாடி திடீரென்று சுழலும். குழந்தைகளின் விரலை அதன் பக்கம் விடக்கூடாது. சூடான ரேடியேட்டரின் மூடியை எவரும் திறக்கவும் கூடாது. உள்ளே அடைபட்ட கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

கொதித்துப்போன நீருக்குப் பதில் நீர் ஊற்றிய காலம் ஒன்று. எஞ்சினோடு கட்டுண்ட காற்றாடி சுழன்ற காலம் ஒன்று. வெப்பத்தை அறிந்து தானே சுழலும் காற்றாடி வந்த காலம் ஒன்று. குப்பையில் கிடக்கும் காற்றாடி வெறும் இரும்பும் பிளாஸ்டிக்கும் அன்று. பலருடைய அறிவு அதில் உறைந்திருக்கிறது. எதற்காக அது பிறந்தது என்று தெரிந்து பொருத்தினால், பழைய வண்டி இன்னும் பல ஆண்டுகள் நம் குடும்பத்தைச் சுமக்கும். தெரியாமல் பொருத்தினால், இருக்கும் வண்டியையும் இழப்போம்.