மனத்திடம் யாருடைய சொத்து? கிள்ளான் பள்ளத்தாக்கை முன்வைத்து

1998 செப்டம்பரில் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் மலேசிய வீரர் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் வேகநடையை 4 மணி 10 நிமிடம் 5 வினாடியில் முடித்துத் தங்கம் வென்றார். கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு 5 நிமிடம். அப்படி ஐம்பது முறை. வேகநடையில் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்வைத்த கால் மண்ணைத் தொட்டதிலிருந்து உடல் அதற்கு நேர்மேலே வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. நடுவர்கள் வழிநெடுகக் கண்காணிப்பார்கள். வேகம் கூடக் கூட உடம்பு ஓடத்தான் துடிக்கும். அதை நம் ஊர் வெக்கையில் நான்கு மணி நேரம் ஓடவிடாமல் பிடித்து வைப்பதே இப்போட்டி.

‘மனம் வைத்தால் போதும்’ என்பதற்கு இதைவிட நல்ல சான்று தன்முனைப்புப் பேச்சாளர்களுக்குக் கிடைக்காது. பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபங்களிலும் கிள்ளான் பள்ளிகளிலும் நம் பிள்ளைகள் கேட்டு வளரும் பேச்சு அதுதான். தோற்றவன் மனம் வைக்கவில்லை என்பது அப்பேச்சின் சொல்லப்படாத மறுபாதி. அந்த மறுபாதியை நான் மறுக்கிறேன். மன உறுதி உண்மையானது. ஆனால் அது ஒருவர் தனியாகச் சேர்த்து வைத்திருக்கும் சொத்து அன்று.

2009இல் சாமுவேலே மார்க்கோராவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனை இங்கே முக்கியமானது. பதினாறு பேர் ஒரு நாள் 90 நிமிடம் மூளையைக் கசக்கும் வேலை செய்தார்கள். இன்னொரு நாள் அதே நேரம் ஆவணப்படம் பார்த்தார்கள். இரண்டு நாளும் அதன்பின் உடல் ஓயும்வரை மிதிவண்டி மிதித்தார்கள். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 வினாடி தாக்குப்பிடித்தவர்கள், மூளை களைத்த நாளில் 640 வினாடியில் நின்றுவிட்டார்கள். இதயமும் நுரையீரலும் இரு நாளும் ஒரே மாதிரிதான் வேலை செய்தன. கூடியது ‘கஷ்டமாக இருக்கிறது’ என்ற உணர்வு மட்டுமே. ஆட்கள் அதே ஆட்கள். பகலெல்லாம் வேலை பார்த்து, நெரிசலில் வீடு திரும்பி, இரவில் புத்தகத்தைத் திறக்கும் இளைஞன் பத்தாவது பக்கத்தில் தளர்ந்தால், அதைக் குணக்கேடு என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

உறுதி எங்கிருந்து வருகிறது என்பதற்கு இன்னோர் ஆய்வைப் பார்க்கலாம். ஹவாயின் காவாய் தீவில் எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமையும் குடும்பச் சிக்கலும் சூழப் பிறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நன்றாகவே தலையெடுத்தார். அவர்களுக்குப் பொதுவாக இருந்தவற்றுள் ஒன்று, அக்கறையோடு பார்த்துக்கொண்ட பெரியவர் ஒருவராவது: பாட்டி, அண்டை வீட்டார், ஆசிரியர். மீண்டெழும் திறன் பற்றிய இந்தப் புகழ்பெற்ற ஆய்வு கரும்புத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் நிறைந்த தீவில் நடந்தது என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும்.

நம் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். இருட்டு விலகுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் தாய், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவாள். அங்கே வரிசையாக ஏணைகள். ஒன்றை ஆட்டிக்கொண்டே அடுத்ததில் அழும் குழந்தையை அதட்டும் கிழவி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு எதிரே திடல், தள்ளிக் கோயில், அதற்கும் அப்பால் தமிழ்ப்பள்ளி. தோட்டத்தை நான் சொர்க்கமாக்கவில்லை. குறைந்த கூலியும் கள்ளுக்கடையும் அழித்த குடும்பங்கள் ஏராளம். ஆனாலும் பிள்ளையைப் பெயர் சொல்லி அதட்டப் பத்துப் பேராவது இருந்தார்கள்.

தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறியபோது வீட்டுக்குப் பதில் வீடு கேட்டுப் போராடினோம். அதுவே எல்லாருக்கும் கிடைக்கவில்லை. கிழவிக்கும் திடலுக்கும் பதில் என்ன என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. அடுக்குமாடி வீட்டில் கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போகும் தாய்க்கு அந்தக் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. அவள் பிள்ளையிடம் போய் மனத்திடம் பற்றிப் பேசுமுன், பள்ளி விட்ட பிறகு இருட்டும்வரை அவனோடு யார் இருக்கிறார் என்று கேட்க வேண்டும்.

சரவணன் வென்ற அந்தப் போட்டிகளின் முதன்மை அரங்கம் புக்கிட் ஜாலிலில் எழுந்தது. அதுவும் தோட்டமாக இருந்த நிலம்தான். பால்மரங்கள் போய்விட்ட பின்பும், அங்குள்ள தமிழ்ப்பள்ளியின் பெயரில் ‘தோட்டம்’ என்ற சொல் இன்னும் இருக்கிறது.